கால் கிரவுண்டும் ஒரு கையெழுத்தும்

எதிர்வீட்டுப் பெரியம்மாவின் கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸை முதலில் பார்த்தது பால் பாக்கெட் போட வந்த பையன். போன வருஷம் ஆடி மாசம், காலை அஞ்சரை மணி இருக்கும். தெருக்கோடி அம்மன் கோயிலில் கூழ் ஊற்றப் பந்தல் போட்டிருந்தார்கள். அவன் என் கதவைத் தட்டி, "அண்ணா, எதிர்ல ஏதோ கோர்ட்டுக் காயிதம் ஒட்டிக்கினு இருக்குது" என்றான்.

போய்ப் பார்த்தேன். கோர்ட்டு ஒட்டியது இல்லை, ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி ஒட்டியது. ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். 60 நாளைக்குள் பாக்கியைக் கட்டாவிட்டால் சொத்தைக் கையகப்படுத்துவோம் என்பது சாரம். கடன்காரர் என்ற இடத்தில் பெரியம்மாவின் மகன் பெயர். பிணைச் சொத்து என்ற இடத்தில், நான் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் அந்த வீட்டின் கதவிலக்கம், நான்கெல்லை, 620 சதுர அடி.

பெரியம்மா வாசல் தெளிக்க வாளியோடு வந்தார். எழுபத்தொரு வயது. கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, "இன்னா நைனா எழுதிக்கீது?" என்றார். நான் சொல்லி முடித்ததும், "என் வூட்ல எதுக்கு ஒட்டினாங்க? நானா கடன் வாங்கினேன்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. அன்றைக்கு வாசலில் நின்று என்னால் சொல்ல முடியவில்லை. "பெரிம்மா, வீடு உங்க பேர்ல இல்ல, போன வருஷமே கொடுத்துட்டீங்க" என்று எப்படிச் சொல்வது?

நான் வக்கீல் இல்லை. கொருக்குப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் இருக்கிற லாரி புக்கிங் ஆபீஸ்கள் சிலவற்றுக்கு இருபது வருஷமாகக் கணக்கு எழுதுகிறவன். வருமான வரி, ஜிஎஸ்டி என்று வருகிறவர்கள், கணக்கு முடிந்ததும் ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டு கேட்பது சொத்தைப் பற்றித்தான். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். கையெழுத்துப் போடும் முன் உங்கள் பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

2024 நாடாளுமன்றத் தேர்தல் நேரம் ஞாபகம் இருக்கும். வாரிசு வரி பற்றி டிவியில் நாள் முழுக்கப் பேசினார்கள். எங்கள் ரயில்வே கேட் பக்கத்து டீக்கடையில் அது வேறு உருவம் எடுத்துவிட்டது. "செத்தா பாதி வீடு கவர்மெண்டுக்காம்." பெரியம்மா பயந்து போனார். பெரியப்பா ஹார்பரில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் 1983ல் பெரியம்மா பெயரிலேயே வாங்கிய இடம் அது. கால் கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேல். கீழே தளம், மாடியில் ஆஸ்பெஸ்டாஸ். பெரியப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம். மகன் கூடவே இருக்கிறார். மகளை மீஞ்சூரில் கொடுத்திருக்கிறது. "இப்பவே எழுதி வெச்சுட்டா வரி கிரி எதுவும் வராதுல்ல" என்று யாரோ சொல்ல, ஜூன் மாசமே மகன் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதியாகிவிட்டது.

பயந்தது எதற்கு என்று பாருங்கள். இந்தியாவில் வாரிசு வரி இப்போது கிடையாது. இருந்தது உண்மை. 1953 அக்டோபரில் எஸ்டேட் டூட்டி என்ற பெயரில் வந்தது. பெரிய சொத்துகளுக்கு மேல்படியில் 85 சதவீதம் வரை போனது. ஆனாலும் வசூல் வருஷத்துக்குச் சுமார் 20 கோடி ரூபாயைத் தாண்டவில்லை, அதை வசூலிக்கும் செலவும் தாவாவும் அதிகம் என்று சொல்லி வி.பி.சிங் நிதியமைச்சராக இருந்தபோது 1985 மார்ச்சில் எடுத்துவிட்டார். நன்கொடை வரிச் சட்டம் 1998ல் போனது. சொத்து வரி என்று மத்திய அரசு வாங்கிக்கொண்டிருந்த வெல்த் டாக்ஸும் 2015 பட்ஜெட்டோடு முடிந்தது. (மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை கட்டுகிற வீட்டு வரி வேறு, அதைக் கட்டியே ஆகவேண்டும்.) அப்பா அம்மா பிள்ளைக்குக் கொடுத்தாலும், உயில் மூலம் வந்தாலும், வாங்குகிறவருக்கு வருமான வரி இல்லை. பிள்ளை அந்த வீட்டை விற்கும்போதுதான் மூலதன ஆதாய வரி வரும். அதையும் பிள்ளை கைக்கு வந்த நாளிலிருந்து கணக்குப் பார்ப்பதில்லை. அம்மா வாங்கிய விலையிலிருந்துதான் பார்ப்பார்கள், 2001க்கு முந்தைய சொத்து என்றால் 2001 ஏப்ரல் மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆகவே எழுதி வைப்பதால் அந்த வரியும் மிச்சமாகப் போவதில்லை.

லண்டனில் இருக்கும் நம் பிள்ளைகள் கதை வேறு. அங்கே 3,25,000 பவுண்டுக்கு மேல் 40 சதவீதம் இன்னும் இருக்கிறது. 2025 ஏப்ரலிலிருந்து, அங்கே நீண்ட காலம் குடியிருப்பவர்களுக்கு உலகத்தில் எங்கே சொத்து இருந்தாலும் கணக்கில் வரும். கொருக்குப்பேட்டை வீடு உட்பட. சிங்கப்பூர் 2008லேயே அந்த வரியை எடுத்துவிட்டது. லண்டனில் பிள்ளை இருந்தால், எந்த நாட்டில் யார் பெயரில் எழுதுகிறோம் என்று ஒருமுறை யோசிப்பது நல்லது. ஆனால் எங்கள் தெருவுக்கு அது பொருந்தாது.

எங்கள் தெருவில் எல்லோரையும் இழுப்பது செட்டில்மெண்டின் மலிவு. விற்றால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று நூற்றுக்கு 9 போகும். குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் என்றால் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலைக்கு முன் இது இன்னும் குறைவு, 25,000மும் 4,000மும். எத்தனை லட்சம் மதிப்புள்ள வீடானாலும் ஐம்பதாயிரத்துக்குள் முடிந்துவிடுகிறது. இது நல்ல சலுகை, குறை சொல்லவில்லை. ஆனால் மலிவாகவும் சீக்கிரமாகவும் முடிகிற காரியத்தில் யாரும் பத்திரத்தை முழுக்கப் படிப்பதில்லை.

பெரியம்மாவின் பத்திரத்தை நான் பிறகு வாங்கிப் படித்தேன். எல்லாப் பத்திரத்திலும் வருகிற வாசகம்தான். அன்பினாலும் பிரியத்தினாலும், இன்று முதல் நீயே சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது, இதை எக்காரணம் கொண்டும் ரத்து செய்வதில்லை. "இன்று முதல்" என்ற இரண்டு வார்த்தையில்தான் அவர் வீடு போனது. அவர் மனசில் இருந்தது "எனக்கப்புறம்". இது பத்திரம் எழுதியவர் செய்த சூழ்ச்சி இல்லை. அவர் எல்லோருக்கும் எழுதுவதை எழுதினார். மகனும் ஏமாற்றுக்காரர் இல்லை, நான் சின்ன வயதிலிருந்து பார்த்த மனிதர், அம்மாவுக்கு ஒருவேளை சோறு போடாமல் இருந்ததில்லை. ஒரு டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு இரண்டாவது டிரெய்லர் ஆசை வந்தது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஹார்பருக்குள் போக வண்டிகள் எவ்வளவு நேரம் வரிசையில் நிற்கும் என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். ஓடாத நாளுக்கும் தவணை உண்டு. செப்டம்பரில் மூலப் பத்திரத்தை ஒப்படைத்து, எம்ஓடி என்கிற அடமானம் போட்டுக் கடன் வாங்கினார். முதலில் டயர், பிறகு டிரைவர் சம்பளம், பிறகு ஒரு விபத்து, வண்டி போலீஸ் ஸ்டேஷனில் நின்றது. மூன்று தவணை நின்றது. நோட்டீஸ் வந்தது.

இதைத்தான் நான் திரும்பத் திரும்ப எல்லோரிடமும் சொல்கிறேன். வீடு அம்மா பெயரில் இருந்தவரை அதற்கு ஒரு ஆபத்தும் கிடையாது. அம்மாவுக்குக் கடன் இல்லை, வியாபாரம் இல்லை, யாருக்கும் ஜாமீன் போட்டதில்லை. வீட்டைப் பிள்ளைக்குக் கொடுத்த நிமிஷம் பிள்ளையின் கடன், பிள்ளையின் ஜாமீன், பிள்ளையின் விவாகரத்து, பிள்ளையின் விபத்து வழக்கு எல்லாம் வீட்டின் மேல் வந்து உட்காருகிறது. சொத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, மேட்டில் இருந்ததை எடுத்துப் பள்ளத்தில் வைக்கிறோம்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. கடன் கழுத்தை நெரிக்கும்போது அவசரமாக மனைவி பெயருக்கு எழுதிவிட்டு "இனி ஒருத்தரும் தொட முடியாது" என்று நினைப்பது. என்னிடம் அப்படி வந்தவர்கள் மூன்று நான்கு பேர் உண்டு. கடன் கொடுத்தவரை ஏமாற்ற எழுதியது என்று காட்டினால், சொத்து மாற்றுச் சட்டம் 53வது பிரிவில் கோர்ட்டு அந்தப் பத்திரத்தைச் செல்லாதது ஆக்கும். மஞ்சக் கடுதாசி கொடுக்கிறவர்களுக்கு இன்னும் கடுமை. சென்னை நகருக்கு 1909ஆம் வருஷத்துத் திவால் சட்டம் இருக்கிறது. அதில், திவால் ஆவதற்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள் சும்மா எழுதிக்கொடுத்த சொத்தை ஹைகோர்ட்டில் இருக்கும் அஃபிஷியல் அசைனி திரும்ப எடுக்கலாம். பாதுகாப்பு என்பது வெயில் காலத்திலேயே ஓட்டைப் பிரித்து மாற்றுகிற வேலை. மழை கொட்ட ஆரம்பித்த பிறகு ஏறினால் ஓடும் உடையும், காலும் உடையும்.

அப்படியானால் பெரியம்மா என்ன செய்திருக்கலாம்?

ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால்கூட மகனுக்குப் பாதி, மகளுக்குப் பாதி என்று சட்டமே பிரித்துக் கொடுத்திருக்கும். அது முதலில். இரண்டாவது, உயில். உயிலுக்கு முத்திரைத் தாளே வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். எழுதுகிறவர் கையெழுத்து, அதைக் கண்ணால் பார்த்த இரண்டு சாட்சி. பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் பதிவு செய்து வைத்தால் பின்னால் "இது அம்மா கையெழுத்தே இல்லை" என்ற பேச்சு குறையும். உயிலில் சொத்தைப் பெறப்போகிறவர் சாட்சியாக இருக்க வேண்டாம். முக்கியமானது இதுதான்: உயிர் இருக்கிறவரை உயில் வெறும் காகிதம். எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், கிழிக்கலாம். வீடு அவருடையதாகவே இருக்கும். மகன் அதை எங்கேயும் அடமானம் வைக்க முடியாது.

உயில் என்றாலே எங்கள் பக்கத்தில் முகம் சுளிப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. மெட்ராஸ் ஹைகோர்ட்டின் பழைய நகர எல்லைக்குள் இருக்கிற சொத்து என்றால், உயிலை வைத்து உரிமை கேட்கப் புரொபேட், அதாவது உயில் செல்லும் என்ற கோர்ட்டுச் சான்று, வாங்கியாக வேண்டியிருந்தது. செங்கல்பட்டில் இருப்பவருக்கு வேண்டியதில்லை, கொருக்குப்பேட்டையில் இருப்பவருக்கு வேண்டியிருந்தது. பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் என்று வெள்ளைக்காரன் காலத்து மூன்று நகரங்களுக்கு மட்டும் வைத்த விதி. என் தாத்தா உயிலுக்கு எங்கள் அம்மா ஹைகோர்ட்டுப் படி ஏறி இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். வாரிசு அத்தனை பேரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்க அரக்கோணம் வரை போய் வந்தார். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213வது பிரிவை நீக்கிவிட்டது. அந்தக் கட்டாயம் இப்போது இல்லை. சண்டை வரும் என்று தெரிந்த குடும்பம் புரொபேட் வாங்கிக்கொள்வது இன்றும் நல்லது. ஆனால் "உயில் எழுதினா கோர்ட்டு கோர்ட்டா அலையணும், அதுக்கு செட்டில்மெண்டே மேல்" என்று இத்தனை வருஷம் சொன்ன வாதம் போய்விட்டது. இதை யாரும் தெருவில் மைக் வைத்துச் சொல்லவில்லை என்பது எனக்கு வருத்தம்.

மூன்றாவது, செட்டில்மெண்டே எழுதுவது என்றாலும் எழுதும் விதத்தில் எழுதுவது. "என் ஆயுள்வரை நானே குடியிருந்து, வாடகை வசூலித்து அனுபவிப்பேன், எனக்குப் பின் நீ" என்று ஆயுள் உரிமையை நிறுத்திக்கொள்ளலாம். அந்த வரி இருக்கிற பத்திரத்தை வைத்துக்கொண்டு போனால் கடன் கொடுக்கிறவன் பத்து தடவை யோசிப்பான். அதோடு, "என்னைக் கடைசிவரை வைத்துப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்" என்று ஒரு வரி. இந்த வரிக்குப் பெரிய பலம் இருக்கிறது. 2007ல் வந்த மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23வது பிரிவு, பராமரிக்கவில்லை என்றால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய வழி கொடுக்கிறது. சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை, ஆர்.டி.ஓ. தலைமையில் இருக்கும் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்தால் போதும். நாகப்பட்டினத்தில் 87 வயது அம்மா ஒருவர் மகனுக்கு எழுதிக் கொடுத்தார். மகன் இறந்த பிறகு மருமகள் கவனிக்கவில்லை. ஆர்.டி.ஓ. பத்திரத்தை ரத்து செய்ததைச் சென்னை ஹைகோர்ட்டு 2025 மார்ச்சில் உறுதி செய்தது. வெளிப்படையாக நிபந்தனை எழுதாவிட்டாலும் அன்பையும் பிரியத்தையும் சொல்லி எழுதியதிலேயே அந்த எதிர்பார்ப்பு அடங்கியிருக்கிறது என்று சொன்னது. அதே வருஷம் ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இந்தச் சட்டத்தைப் பெரியவர்களுக்குச் சாதகமாகத்தான் படிக்க வேண்டும் என்றது. ஆனால் 2022ல் அதே சுப்ரீம் கோர்ட்டின் இன்னொரு அமர்வு, நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. எதற்கு வம்பு? ஒரு வரி, எழுதிவிடுங்கள்.

எழுதி ஒன்றுக்கும் உதவாத வரியும் ஒன்று உண்டு. முழு உரிமையையும் கொடுத்துவிட்டு, "இதை விற்கக் கூடாது" என்று எழுதுவது. எங்கள் பக்கத்துப் பாதிப் பத்திரங்களில் இருக்கும். சொத்து மாற்றுச் சட்டம் 10வது பிரிவில் அந்தத் தடை செல்லாது. கொடுத்தவர் கொடுத்தவர்தான்.

பெரியம்மா விஷயத்தில் இந்த 23வது பிரிவு கைகொடுக்கவில்லை. மகன் பராமரிக்காமல் விடவில்லையே. வீட்டை நம்பிப் பணம் கொடுத்த கம்பெனியும் எதிரில் நிற்கிறது. கடைசியில் நடந்தது என்ன தெரியுமா? பத்திரத்தில் பெயரே இல்லாத மகள் மீஞ்சூரிலிருந்து வந்து, தன் நகையை அடகு வைத்தார். இரண்டு டிரெய்லரும் விற்றாயிற்று. பேசிப் பேசி, ஒரே தடவையில் கட்டி முடிக்கிற ஓ.டி.எஸ். போட்டு இந்தத் தை மாசம் கடன் முடிந்தது. மூலப் பத்திரம் கைக்கு வந்த அன்று மகள் என்னிடம், "எனக்கு வூடு வாணாம்ணா, எங்கம்மா அந்த வாசல்லயே இருக்கட்டும்" என்றார். மகன் வீட்டை அம்மா பெயருக்கே திரும்ப செட்டில்மெண்ட் எழுதினார். தீர்வையும் கட்டணமும் இரண்டாவது முறை. அதற்கு அடுத்த வாரம் பெரியம்மா உயில் எழுதினார்.

இனி டிரஸ்ட். இந்தச் சொல்லைச் சொன்னாலே, "அதெல்லாம் போட் கிளப் ரோட்டுக்காரங்களுக்கு" என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டிரஸ்ட் என்பதன் உள்ளடக்கம் நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான். கோயில் சொத்து சாமிக்கு. பார்த்துக்கொள்கிறவர் தர்மகர்த்தா. சாவி அவர் இடுப்பில் இருக்கும், ஆனால் ஒரு தேங்காய்கூட அவருடையது இல்லை. கட்டளை எழுதி வைத்த நிலத்தின் நெல் அந்தக் கட்டளைக்குத்தான் போகும். சாமிக்குப் பதில் உங்கள் பிள்ளையையும், தர்மகர்த்தாவுக்குப் பதில் நீங்கள் நம்புகிற இரண்டு பேரையும் வைத்தால் அதுதான் குடும்ப டிரஸ்ட். 1882ஆம் வருஷத்துச் சட்டம். வீடு, மனை சேர்ப்பதானால் பதிவுப் பத்திரம் கட்டாயம்.

அதன் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் தெரிய வேண்டுமானால் பச்சையப்ப முதலியார் கதையைப் பார்க்க வேண்டும். எங்கள் பேட்டையிலிருந்து என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் இருக்கும் பச்சையப்பன் மண்டபத்துக்கு பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். அவர் வெள்ளைக்காரர்களுக்குத் துபாஷியாக இருந்து பெரும்பணம் சேர்த்தவர். 1794 மார்ச் 22ல், கும்பகோணத்தில், காசியிலிருந்து தெற்கே வரைக்கும் கோயில்களுக்கும் தர்மத்துக்கும் என்று உயில் எழுதினார். ஒன்பதாம் நாள் இறந்துபோனார். நாற்பது வயது. நம் ஊரில் ஓர் இந்து இப்படித் தர்மத்துக்கு உயில் எழுதியதில் முன்னோடி அவர். ஆனால் பிறகு என்ன ஆயிற்று? பொறுப்பு ஏற்றவர்கள் கையில் பணம் சிக்கியது, உறவுக்குள் வழக்கு, கணக்கு கேட்க ஆளில்லை. அட்வகேட் ஜெனரலாக இருந்தவர்கள் தலையிட்டு, மெட்ராஸ் சுப்ரீம் கோர்ட்டு 1832ல் ஒரு திட்டம் வகுத்த பிறகுதான் அந்தச் சொத்து தர்மத்துக்குத் திரும்பியது. தர்மம் போக மிஞ்சியதைப் படிப்புக்குச் செலவிடலாம் என்று முடிவாகி, 1842ல் பிராட்வேயில் பள்ளிக்கூடம் திறந்தார்கள். உயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே 48 வருஷம். அவர் எழுதி வைத்திராவிட்டால் அந்தப் பணம் அடுத்த தலைமுறையிலேயே கரைந்திருக்கும். எழுதி வைத்தும், கணக்குக் கேட்க ஆள் வைக்காததால் அரை நூற்றாண்டு போனது. டிரஸ்ட் எழுதுகிறவர்களிடம் நான் சொல்வது, பணத்தை யார் பார்த்துக்கொள்வார் என்று எழுதுவதற்கு முன்னால் அவரை யார் பார்த்துக்கொள்வார் என்று எழுதுங்கள். வருஷம் ஒருமுறை கணக்கை யாரிடம் காட்ட வேண்டும், ஒருவர் இறந்தால் அடுத்தவர் யார், தப்புச் செய்தால் நீக்குவது எப்படி.

ஏழைக்கு ஏற்ற டிரஸ்ட் ஒன்று இருக்கிறது. பத்திரமே எழுத வேண்டாத டிரஸ்ட். 1874ஆம் வருஷத்துத் திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம், 6வது பிரிவு. எம்.டபிள்யூ.பி. என்பார்கள். கல்யாணமான ஆண் தன் உயிர் மேல் பாலிசி எடுக்கும்போதே, இது என் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்று அந்தப் படிவத்தையும் சேர்த்து நிரப்பிக் கொடுத்தால், அந்தப் பாலிசி அந்த நொடியே அவர்களுக்கான டிரஸ்ட் ஆகிவிடுகிறது. பிறகு அவரே நினைத்தாலும் அதன்மேல் கடன் வாங்க முடியாது, பெயரை மாற்ற முடியாது. அவர் கடனோடு இறந்தால் கடன்காரர்கள் அந்தப் பணத்தைத் தொட முடியாது. ஏமாற்றத்தான் எடுத்தார் என்று நிரூபித்தால் மட்டும் கட்டிய பிரீமியம் அளவுக்கு வாங்கலாம். நாம் பெருமைப்பட ஒரு செய்தியும் இதில் உண்டு. இந்தப் பிரிவு இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பொருந்தும் என்பது இந்தியாவிலேயே முதலில் மெட்ராஸில்தான் வந்தது. 1913 டிசம்பர் 31க்குப் பிறகு எடுத்த பாலிசிகளுக்கு என்று சட்டத்திலேயே நம் மாகாணத்தின் பெயர் தனியாக இருக்கிறது. மற்ற இடங்களுக்கு 1923 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நூறு வருஷத்துக்கு மேல் நம் கையில் இருக்கிற சட்டம். எங்கள் புக்கிங் ஆபீஸ்களில் லாரி வைத்திருக்கிற ஐம்பது பேரிடம் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. எடுத்து முடித்த பாலிசியில் பின்னால் சேர்க்க முடியாது. அடுத்த பாலிசி எடுக்கும்போது ஏஜெண்டிடம் அந்தப் படிவத்தைக் கேளுங்கள். அவர் "எதுக்குங்க அதெல்லாம்" என்றால் விடாமல் கேளுங்கள்.

வாரியத்து வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அவர்கள்தான். 1970ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆன அந்த அலுவலகம் கொடுத்த ஒதுக்கீட்டு ஆணையை பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு, "பத்திரம் இருக்குது" என்கிறார்கள். ஒதுக்கீடு வேறு, கிரயப் பத்திரம் வேறு. தவணை முடிந்திருந்தால் ரசீதுகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டு போய், ஆணையில் பெயர் இருக்கிறவர் உயிரோடு இருக்கும்போதே கிரயம் வாங்கிவிடுங்கள். கிரயம் வாங்காத வீட்டுக்கு உயில் எழுதுவது, வாங்காத மாட்டுக்குக் கயிறு முறுக்குவது. பேங்கில் நாமினி பெயர் போட்டவர்களும் கவனியுங்கள். நாமினி பணத்தை வாங்கிக்கொள்கிறவர், அவ்வளவுதான். அது வாரிசுகளுக்குச் சேர வேண்டிய பணம். 2025 நவம்பரிலிருந்து நான்கு பேர் வரை போடலாம் என்று வந்திருக்கிறது. மனைவி, பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்துப் போட்டுவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

உண்மையிலேயே முழு டிரஸ்ட் வேண்டியிருந்த ஒரு குடும்பத்துக்குப் போன மாசம் உட்கார்ந்து எழுத உதவினேன். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. அவர் மணலியில் ஃபிட்டர். மகனுக்குப் பத்தொன்பது வயது, ஆட்டிசம். பேச்சு நாலைந்து வார்த்தை. அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எங்களுக்கு அப்புறம்? அவன் பெயரில் வீட்டை எழுதினால் யாராவது கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்கிவிடலாம். தங்கச்சி பெயரில் எழுதினால் அவளுக்குக் கல்யாணமாகி வருகிறவர் எப்படி என்று தெரியாது. ஆகவே டிரஸ்ட். சின்ன வீடு, மாடி வாடகை, அவருடைய பி.எஃப்., அவர் மேல் ஒரு பாலிசி. அவருடைய அக்கா மகன் ஒரு டிரஸ்டி, மகன் போகிற பள்ளியின் ஓய்வுபெற்ற டீச்சர் ஒரு டிரஸ்டி, வருஷா வருஷம் கணக்கைத் தங்கச்சியிடம் காட்ட வேண்டும். கார்டியன் நியமனம் தனி. 1999ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி கலெக்டர் தலைமையில் இருக்கும் உள்ளூர்க் குழுவில் மனுப் போட்டிருக்கிறோம்.

வக்கீல் வரைவு எழுதி முடித்து, பத்திரத்தோடு ஒரு கடிதமும் வையுங்கள் என்றார். சட்டப்படி கட்டுப்படுத்தாது, ஆனால் டிரஸ்டிகளுக்குப் பிள்ளையைப் பற்றித் தெரிய வேண்டியது. அதை அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதினோம். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். சாதம் குழைந்திருக்க வேண்டும். முடி வெட்டும்போது மிஷின் சத்தம் ஆகாது, கத்தரிக்கோல்தான். புதுச் சட்டையை இரண்டு தடவை துவைத்த பிறகு போட வேண்டும். காய்ச்சல் வந்தால் சொல்லத் தெரியாது, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான்.

அப்பா அதுவரை பேசாமல் இருந்தார். பிறகு, "சார், இது ஒண்ணு எழுதிக்கோங்க. சாயங்காலம் ஆச்சுன்னா கேட்டாண்ட கூட்டிக்கினு போவணும். கூட்ஸ் வண்டி போறத பாப்பான். கடேசிப் பெட்டி போற வரைக்கும் எண்ணுவான். நடுவுல கைய புடிச்சு இழுக்கக் கூடாது" என்றார்.

எழுதினேன். பையன் அப்போது ஜன்னலில் நின்றுகொண்டிருந்தான். கேட் மூடுகிற மணி கேட்டது. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார்.